வெள்ளிக்கிழமை போகாத பெட்டி

பிப்ரவரி 20, 1975

நகல் எந்திரம் இன்றும் இரண்டு முறை நின்றது. மின்வெட்டு. எந்த அட்டை வரைக்கும் துளை போட்டது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரும்ப முதலிலிருந்து. மேனேஜர் பெரியண்ணன் எட்டிப் பார்த்து, "எல்லாம் ஆட்டோமேட்டிக்குன்னு சொல்லித்தானம்மா பெங்களூர்க்காரன் வித்தான்?" என்றார். ஆட்டோமேட்டிக்தான், கரண்டு இருக்கும் வரைக்கும்.

புது ஜீப் டிரைவர் மாது, "இந்தப் பொட்டில அப்படி என்னங்க இருக்குது?" என்று கேட்டான். சொன்னேன். ஆலைக்குப் பதிந்த ஒவ்வொரு கரும்பு வயலுக்கும் ஒரு அட்டை. யாருடையது, என்றைக்கு நட்டது என்பதெல்லாம் அதில் துளைகளாக இருக்கும். நட்ட தேதி வரிசைப்படிதான் வெட்டு உத்தரவு போகும். அட்டை தொலைந்தால் பெரிய பண்ணைக்காரர்கள் முந்திக்கொள்வார்கள், ஏழை வயலில் கரும்பு நின்று பூத்துக் காயும். அதனால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு நகல். வெள்ளிக்கிழமை காலையில் தர்மபுரி ஆபீசிலிருந்து பழைய நகல் பெட்டி ஜீப்பில் வரும், சாயங்காலம் புதியது போகும். "ஓ, ரெண்டு வூட்ல சமைச்சு வெக்கற மாதிரி" என்றான். கிட்டத்தட்ட அதுதான்.

பிப்ரவரி 28, வெள்ளி



வெற்று அட்டைக் கட்டு எடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஜீப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காலையில் வந்த பெட்டி அங்கே இருந்தது. அதன் பக்கத்திலேயே சாயங்காலம் போயிருக்க வேண்டிய பெட்டியும்! இரண்டும் ஆலைக்குள். வெளியே தூங்குவது கரும்புச் சக்கைப் போர், மலை மாதிரி. ஒரு பொறி போதும்.

ஸ்டோர் கீப்பர் சென்றாயண்ணனிடம் கத்தியே விட்டேன். அவர் நிதானமாக, "வெள்ளிக்கெழம யாராச்சும் லச்சுமிய வூட்ட உட்டு வெளிய தாட்டுவாங்களாம்மா? இது ஆலையோட சொத்து. விடிஞ்சதும் கரும்பு ஜீப்புல போட்டு உட்டுருவேன். எப்பவும் அப்படித்தான்" என்றார்.

எப்பவும்! அப்படியென்றால் ஒவ்வொரு வெள்ளி ராத்திரியும் தர்மபுரியில் ஒன்றுமே இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 1

மேனேஜரிடம் போனேன். அவரும் வெள்ளிக்கிழமை சம்பளம் போடாத ஆள்தானே! "அவுரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதில்ல? அடுத்த மாசம் வேற நாளுக்கு மாத்திக்கலாம்" என்றார். மூன்றாவதாக ஒரு பெட்டியாவது வாங்கித் தாருங்கள் என்றேன். அதற்கு ஆர்டர் போடணுமாம்.

மார்ச் 3

என் கல்யாணப் பெட்டியைக் காலி செய்து ஆலைக்கு எடுத்துப் போனேன். தெருவே பார்த்தது. மாமியார் இன்னாசியம்மாள் வாசலில் நின்று, "ஏண்டி ராஜமேரி, பொட்டியத் தூக்கிட்டுப் போனா நீ கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போறன்னுல்ல ஊரு பேசும்?" என்றார். பேசட்டும்.

மார்ச் 8

சனிக்கிழமையே போகட்டும். ஆனால் புதியது போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையது திரும்ப வேண்டும். மூன்று பெட்டி இருந்தால் முடியும். இன்று அப்படியே நடந்தது.

மார்ச் 11

எங்கள் வயலையும் பதிந்தாயிற்று. மாசி பத்தாம் தேதி நட்டது. என் வீட்டுக்காரர் கொடுத்த விண்ணப்பத்தைப் பார்த்து நானே அட்டை அடித்தேன். எல்லோருக்கும் போல ரசீது சனிக்கிழமை.

மார்ச் 14, வெள்ளி

எரிந்துவிட்டது.

மதியம் சக்கைப் போரில் பிடித்தது. காற்று எங்கள் பக்கம். ஸ்டோர், கார்டு ரூம், எந்திரங்கள், விண்ணப்பங்கள் எல்லாம் போச்சு. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, மாதாவே நன்றி. சென்றாயண்ணன் மண்ணில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 15

தர்மபுரிக்கு ஓடினேன். இருக்கிறது! என் பெட்டி, உள்ளே போன வாரம் வரைக்குமான எல்லா அட்டையும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இந்த வாரம் பதிந்தவர்களுக்கு அட்டையும் இல்லை, நகலும் இல்லை, ரசீதும் இல்லை. நாங்களும் இந்த வாரம்தான்.

மார்ச் 20

மேனேஜர் முடிவு சொல்லிவிட்டார். அந்த வாரத்து ஆட்கள் வந்து வாயால் தேதி சொல்ல வேண்டும், சொன்னபடி, இரவல் வாங்கிய எந்திரத்தில் நான் அட்டை அடிக்க வேண்டும். வந்தார்கள். இண்டூர்க்காரர் தை ஒன்று என்றார். அடுத்தவரும் தை ஒன்று. அதற்கடுத்தவர் தை இரண்டு, பாவம், கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். பொங்கலன்று இந்த ஊரில் ஒருவரும் பொங்கல் வைக்கவில்லை போலிருக்கிறது, எல்லோரும் கரும்பு நட்டிருக்கிறார்கள்.

என் வேலை அடிப்பது. அடித்தேன்.

மார்ச் 21

ராத்திரிச் சாப்பாட்டில் அவர், "நம்மளுதும் தை ஒண்ணுன்னு போட்டுரு" என்றார். மாட்டேன் என்றேன். "ஊரே சொல்லுது. நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பு என்ன? அவர்கள் பொய் சொன்னார்கள், எங்கள் கரும்பு காயணுமா? ஆனால் மற்றவர்கள் வாய்க்குள்ளிருந்துதான் பொய் வந்தது. இது என் விரலிலிருந்து வரணும். நானே என் அட்டையில் பொய்த் துளை போட்டால், தர்மபுரியில் மீந்ததை யார் நம்புவார்கள்?

மார்ச் 22

மாசி பத்து. அடித்துவிட்டேன்.

மார்ச் 23

அவர் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 16, 1976

தை ஒன்றுக்காரர்களுக்கெல்லாம் வெட்டு உத்தரவு போய்விட்டது. நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். எங்கள் கரும்பு பூக்க ஆரம்பித்திருக்கிறது. மாமியார் தினமும் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொள்கிறார். வைதால்கூடத் தேவலை.

ஏப்ரல் 10

நேற்றுதான் எங்கள் வயலில் வெட்டு முடிந்தது. சாறு வற்றி, உள்ளே சோறு விழுந்து நெட்டி மாதிரி ஆகிவிட்ட கரும்பு. வண்டி நிறைய ஏற்றினார்கள், எடை மேடையில் பாதிகூட இல்லை.

இன்று மதியம் பதிவு ஜன்னலில் அவர் நின்றார். மேட்டுக்காட்டில் போன வாரம் புதிதாக நட்டதைப் பதிய. தனியாக வரவில்லை, பக்கத்து வயல் கருப்பண்ணனையும் கூட்டி வந்திருந்தார். வாய்க்கால் தகராறில் இரண்டு வருஷமாக இவர்களுக்குள் பேச்சில்லை.

"இவுரு எதுக்குங்க?" என்றேன்.

"நான் எப்ப நட்டன்னு இவுருக்கும் தெரியும், இவுரு எப்ப நட்டாருன்னு எனக்கும் தெரியும். நாளைக்கு இங்க மறுபடி எரிஞ்சாலும் பொய் சொல்ல முடியாது பாரு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

தேதியைக் கேட்டேன். சரியான தேதியைத்தான் சொன்னார். கருப்பண்ணன், "ஆமாங்க, நான் பாத்தேன்" என்றார்.