பெரியம்மா விளையாடவில்லை

என் வாயாடித் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குடையை உன் வீட்டிலேயே மறந்துவிட்டேன், இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் பையனோடு தரையிலேயே கிடந்தேன். "எங்கக்கா எப்படி விளையாட்டு காட்டுறா பாருங்க" என்று உன் வீட்டுக்காரரிடம் பூரித்துப்போனாய்.

அது விளையாட்டு இல்லைடி. பந்தைத் துணிக்கடியில் மறைத்தது, ஜன்னலில் பூனையைக் காட்டியது, முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாமே நான் வேலைக்குப் போகிற வீடுகளில், குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செய்து பார்க்கும் சோதனைகள். அவன் என் விரலைப் பார்த்தான், பூனையைப் பார்க்கவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. பிஸ்கட் கவரைப் பிரித்த சத்தத்துக்கு உடனே திரும்பினான்.

நான் கிளம்பும்போது வாசலில் கேட்டாயே, "ஒன்றரை வயசாச்சு, இன்னும் அம்மான்னு கூட சொல்லல. பயப்படணுமாக்கா?"

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, விடுடி" என்றேன்.

இதே வார்த்தையைச் சொன்ன மாமியார்களை எத்தனை வீட்டில் திட்டித் தீர்த்திருக்கிறேன்! ஊரார் வீட்டில் முதல் நாளே "காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்கிற வாய், உன் முகத்தைப் பார்த்ததும் அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை வருகிறேன். டாக்டரிடம் சேர்ந்தே போவோம். என்னவென்று அவர் சொல்லட்டும். என்னைத் திட்டு, அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கிளம்புவதற்கு முன் கொஞ்ச நேரம் அவனை என்னிடம் கொடு. அன்று முழுவதும் நான் அவனோடு ஒரு தடவைகூட விளையாடவில்லை.

உன் அக்கா