மரவள்ளிக் கூழில் கரைத்த களிமண்

இன்று ஆய்வுகூடத்தில் மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சினேன். அது கொதித்து மணம் எழுந்ததும், ஓர்ஸ் ஹில்லில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக் குசினியில் நீ நிற்பதுபோல் இருந்தது.

அப்போது தோழிகளான நாம் இருவரும் இரசாயனவியல் உதவி விரிவுரையாளர்கள். சண்டை தொடங்கினால் வகுப்புகள் நின்றுவிடும். குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்தில் இருந்த அகதிகளுக்குப் பொலித்தீனில் சுற்றித்தான் சாப்பாடு போனது. அந்தப் பொலித்தீன் கழிவுநீர்க் கான்களை அடைத்து, பிள்ளைகள் படுக்கும் இடம்வரை மழைவெள்ளம் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான், மண்ணோடு மண்ணாக உக்கிப்போகும் தாள் செய்வோம் என்றாய்.

மாவுக் கூழை மட்டும் பரப்பிக் காயவைத்த தாள் ஈரத்தில் பிசுபிசுத்தது. களிமண்ணை ஊறவைத்து, கை சோரும்வரை கலக்கிக் கூழில் சேர்த்தாய்.

"களி தகடு தகடாப் பிரிஞ்சு நிண்டா ஈரம் நேர வர ஏலாதடி. சுத்திச் சுத்தித்தான் வரவேணும்."

எத்தனையோ தாள்கள் வெடித்துப் போயின. கடைசியில் ஒன்று, சுற்றிவைத்த பாண் ரொட்டியை மாலைவரை நனையாமல் காத்தது.

அந்தப் பள்ளிக்கூட முகாம் பெண்களுக்குச் செய்து காட்டவென்று தாள்களும், களிமண் தூளும், தாள் வளைவதற்குச் சேர்க்கும் கிளிசரினும் கொண்டு புறப்பட்டோம். இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் துவக்கை உயர்த்தினான்.

"இது குண்டு சாமான்தானே?"

நீ தாளில் ஒரு துண்டைக் கிழித்து மென்றாய்.

"சாப்பாடு சுத்துற தாள், தம்பி. தின்னவும் ஏலும்."

அவனிடமும் ஒரு துண்டு நீட்டினாய். தயங்கி வாயில் போட்டவன், முகத்தைச் சுளித்துச் சிரித்துவிட்டான். கிளிசரின் போத்தலை மட்டும் வைத்துக்கொண்டு எங்களை விட்டான்.

படகில் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"அவனும் பயந்துதான் நிண்டவன். பயந்த ஆளோட கோவிச்சு என்ன செய்யிறது? விளங்கப்படுத்தத்தான் வேணும்."

முகாமில் ஒரு தாய், உக்குகிறதா பார்ப்போம் என்று, பாண் சுற்றிய தாளை மரத்தடியில் புதைத்தார். சில கிழமைகளின் பின் தோண்டியபோது தாள் இல்லை. ஓடிவந்து உன்னிடம் சொல்ல, நீயும் இல்லை. அதற்கு முன்னரே, நிலாவெளி வீதியில் நீ போன பஸ் கண்ணிவெடியில் சிக்கிவிட்டது.

இத்தனை வருடங்கள் கழித்து, நேற்று ஒரு பேக்கரி முதலாளி நான் கொண்டுபோன நம் தாளை மேசையில் எறிந்தார். "மண்ணிலயோ சாப்பாட்டைச் சுத்தச் சொல்றியள்? சனம் என்ர கடைக்கு வருமே?"

முன்பென்றால் எழுந்து போயிருப்பேன். கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.