அண்டாவுக்குள் அலாரம்

ஏன்னா,

அலாரம் கடிகாரத்தை இந்தப் பித்தளை அண்டாவுக்குள் வைத்தது நான்தான். தலைமாட்டில் இருந்தால் அமுக்கிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள்.

"இனிமே என்னை எழுப்பாதேடி! நீ எழுப்பி எழுப்பித்தான் கெட்டுப்போனேன். என் பொறுப்பு, நானே எழுந்துப்பேன்" என்று நேற்று கத்தினீர்கள். நான் எழுப்பவில்லை. எழுப்பியது அண்டா.

வியாதி தீர எல்லோரும் வெல்லம் கரைக்கிற கோயில் குளத்தில், சோம்பல் தீரட்டும் என்று நீங்களும் கரைத்தீர்கள். வெல்லம் கரைந்தது. மறுநாளும் விடியற்காலையில் உங்களை எழுப்ப நான்தான் எழுந்தேன். "இதோ" என்று புரண்டு படுத்தீர்கள். விழித்தவள் சும்மா இருப்பானேன் என்று உங்கள் சர்வீஸ் கமிஷன் பரீட்சைப் புத்தகத்தைப் பிரித்தேன். தினமும் அப்படியே ஆயிற்று.

தபாலில் சேர்க்கச் சொன்ன உங்கள் விண்ணப்பத்தோடு என்னுடையதையும் சேர்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை. இன்று எனக்கும் பரீட்சை. முதல் வண்டியில் பட்டணம் போகிறேன். அடுத்த வண்டி உங்களுக்கு இருக்கிறது.

சாத்தமுதும் சாதமும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாவி பக்கத்து அகத்துக் கோமளவல்லி மாமியிடம்.

கோதை

மறந்துவிட்டேன்: உங்கள் ஹால் டிக்கெட் டிரங்குப் பெட்டி மேல் இருக்கிறது.

இன்னொன்று: நமக்கு அடுத்தடுத்த நம்பர். உங்கள் பேனாவை நான் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றால் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து கேளுங்கள்.