தலையாட்டி கையில் ஏரி மதகு

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா நலம். அதாவது சாப்பிடுகிறேன், பம்பு ஆலைக்குப் போகிறேன், சோதனை மேடையில் மீட்டரைப் பார்த்து எழுதுகிறேன். என் நலம் இப்போதைக்கு அவ்வளவுதான். நீ அதற்கு மேலே இருக்க வேண்டும். முதலில் ஒன்று, "படிப்பை விட்டுட்டு உங்ககூடவே வந்துடவாப்பா?" என்று போனில் நீ கேட்டதற்கு "ம்" என்றேனே, அதை நம்பிப் பெட்டி கட்டிவிடாதே. அம்மா போனதிலிருந்து யார் எது கேட்டாலும் எனக்கு "ம்"தான் வருகிறது, கூடவே தலையும் ஆடுகிறது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேள்.

நம் ஏரியில் ஒரு கரை மீனை நம்பிப் பிழைக்கிறது, மறுகரை கீரையை நம்பி. இரண்டு தரப்பையும் கேட்டு மதகைத் திறக்கிற பொறுப்பு அம்மாவிடம் இருந்ததல்லவா, அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். மீனும் பிடிக்காத, தோட்டமும் போடாத வீட்டு ஆள்தான் வேண்டுமாம். "உங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது சார்" என்றார்கள். உண்மைதான், சட்டையைக்கூட எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் தையல் வெளியே தெரியத்தான் ஆலைக்குப் போய்வந்தேன். போன வாரம் மீன்காரர் வந்து, "குஞ்சு விட்டிருக்கோம், மதகைத் தொடாதீங்க" என்றார், தலையாட்டினேன். சாயங்காலம் கீரைத்தோட்டத்து அக்கா வந்து, "பாத்தியெல்லாம் வெடிக்குது, நாளைக்குத் திறந்துடுங்க" என்றார்; அதற்கும் ஆட்டினேன். மறுநாள் காலை மதகடியில் இரண்டு படையும் நிற்கிறது. "மூடியே வைக்கலாம்னு சார் தலையாட்டினாரு!" என்று மீன்காரர் கத்த, "எங்களுக்கும் இதே தலைதான்யா ஆடுச்சு!" என்று அக்கா கத்த, படித்த இன்ஜினியர் நடுவில் பூம்பூம் மாடு மாதிரி நிற்கிறேன். "அவங்க இருந்தா இப்படி விடுவாங்களா?" என்று யாரோ சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ இல்ல. நான்தான் இருக்கேன்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. "குஞ்சு வெளியே போகாம மதகு வாய்க்கு வலை கட்டுங்க, நாலு விரல் திறக்கிறேன், மதியம் மூடிடுவேன்" என்றேன். இரண்டு தரப்பும் என்னைத் திட்டிக்கொண்டேதான் வலை கட்டியது. "உங்க வீட்டம்மாவையும் இப்படித்தான் திட்டுவோம், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மீன்காரர். அப்படியானால் ஏதோ சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

ஆகவே குட்டி, இப்போது யோசித்துச் சொல்கிறேன், வராதே. நீ வந்துவிட்டால் வீடு, ஏரி, எல்லாவற்றையும் உன்மேல் போட்டுவிட்டு நான் மறுபடி "ம்" என்று உட்கார்ந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நாற்பது வயதுத் தடியனுக்கு நீ காவல் இருக்க வேண்டாம். பரீட்சையை முடி, லீவுக்கு வா, வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் இந்தக் கடிதமே கெட்டுப்போகும்.

நன்றாக இரு, நேரத்துக்குத் தூங்கு. இனி போன் பேசும்போது, நான் ஆமாவா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லும்வரை விடாதே.

உன் அப்பா