வகுபடாத எண்

ஜூலை 9, வியாழன்

இவருடைய கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாட்டனி டீச்சர் சாயங்காலம் வந்திருந்தாள். வலியசாலையில் வாடகைக்கு வீடு தேடுகிறாளாம். ஏதாவது அமைந்தால் சொல்வதற்காக இவர் அவளுடைய மொபைல் நம்பரைக் கேட்டார். அவள் சொன்னதும் ஒரு நொடி கண்ணை மூடினார். “அட, இது பிரைம் நம்பராக்கும். வேற எதாலயும் வகுபடாது, கேட்டீங்களா. தனி ஆளாக்கும்.”

“அய்யோ சாரே, சத்யமாயிட்டும்?” அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் நம்பரைக் கேட்டார், கண்ணை மூடினார், இதையேதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் சரி என்றேன். இன்றுவரை நம்பரை மாற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் வகுபடும் விதிகளை நடத்துகிறேன். ஒரு நாளும் என் நம்பரை வகுத்துப் பார்த்ததில்லை.

இன்று அடுக்களையில் நின்று வகுத்துப் பார்த்தேன். மூன்றால் போகவில்லை. ஏழால் போகவில்லை. பதினொன்றால் மீதியில்லாமல் போனது.

அவள் போனபின் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நீ கணக்கு டீச்சர்லா, அன்னைக்கே பாத்திருப்பன்னு நெனச்சேன்” என்றார்.

காதில் விழுந்த அவளுடைய நம்பர் மறக்க மாட்டேன் என்கிறது. படுக்கையில் உட்கார்ந்து இலக்கங்களைக் கூட்டினேன். மூன்றாலேயே போய்விட்டது. என்னுடையது பதினொன்று வரைக்கும் தாங்கியதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

சீ.