எல்லோருக்கும் பதில்

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் ஊர் மடுகரையில் சிக்னல் இரண்டு டவர்களுக்கு நடுவே தாவுகிறது. தாவும்போதெல்லாம் என் லேப்டாப்பில் இணைப்பு படுத்துவிடுகிறது. குற்றம் டவரில் இல்லை, இயங்குதளத்தில். அனுப்பிய தகவலுக்குப் பதில் தாமதமானால் காத்திருக்கும் நேரத்தை அது இரட்டிப்பாக்குகிறது. பதில் வந்த பிறகும் குறைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவைத்த இயங்குதளம்தானே. சில வரிகளில் திருத்தம் எழுதி, அதைப் பராமரிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமைக்குள் அவர்கள் ஏற்றால்தான் புதிய பதிப்பில் வரும்.

ஜூலை 9

ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

குழுவில் அந்தப் பகுதியைக் கவனிக்கும் மூத்தவர் ஹென்றிக் எழுதியிருக்கிறார்: "இதை வேறோர் இடத்தில் ஏற்கெனவே செய்கிறோம். தேவையில்லை."

தவறு. தாமதமாக வரும் பதில் அந்த இடத்துக்கே போவதில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் உரக்கடையில் அத்தா ஏதாவது பூச்சிமருந்தை மாற்றிச் சொல்லிவிட்டால், வாங்க வந்த ஆள் நிற்கும்போது வாய் திறக்க மாட்டோம். "அத்தா, கொஞ்சம் உள்ள வாங்க" என்போம்.

ஹென்றிக்குக்கு மட்டும் தனியாக எழுதினேன்.

ஜூலை 11, வெள்ளி

குழுவில் ஹென்றிக்: "எழுதியவரிடமிருந்து பதில் இல்லை. ஒதுக்கிவைக்கிறேன்."

எழுதினேனே! தேடினால், ஸ்பாமில் அவருடைய தானியங்கிப் பதில்: தனி மடல்களைப் படிப்பதில்லை, குழுவில் பேசவும்.

தம்பி நவாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாக்கா நீ, உள்ள கூப்ட்டு சொல்றதுக்கு அந்தாளு நம்ப அத்தாவா? எல்லாரும் பாக்கறாப்புல போடு."

"தப்பா இருந்துச்சுன்னா?"

"தப்புன்னு சொல்வாங்க. அடிக்கவா வரப்போறாங்க?"

போடா. உனக்கென்ன. வூட்டுல மொத டிகிரின்னு பீத்திக்கிறீங்க — காலேஜ்ல நாலு வருசத்துல ஒரு நாளாச்சும் கை தூக்கி டவுட் கேட்டிருப்பேனா நான்?

ஜூலை 12, சனி

'ஹென்றிக், நீங்கள் சொல்வது தவறு.' எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அம்மா: "இன்னாடி ஃபைஜா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தற?"

மாலையில் ஹென்றிக்: "ஆமாம், கவனிக்கவில்லை." இவ்வளவுதானா!

பின்னாலேயே அக்னேஷ்கா என்றொரு பெண், என் திருத்தத்தின் இரண்டாம் வரியே பிழை என்கிறாள். எல்லோர் முன்னாலும். முகம் எரிந்தது. சரிபார்த்தேன் — பிழைதான்.

ஜூலை 14, திங்கள்

என் திருத்தம் இல்லாமலே பதிப்பு வெளிவந்துவிட்டது. அடுத்ததில் பார்க்கலாம் என்கிறார் ஹென்றிக். சரிசெய்த வரியையும் அக்னேஷ்கா ஒப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து குழுவில் இருவரும் மல்லுக்கட்டுகிறோம். இந்த முறை தவறு அவளுடையது. எழுதிவிட்டேன். சோறு ஆறிக்கிடக்கிறது. அம்மா கத்துகிறாள். இதோ, அக்னேஷ்காவிடமிருந்து அடுத்தது வந்துவிட்டது —