தாழ்ப்பாள் வரைக்கும் வந்த பாட்டு

என் மைதீன் மாப்ளே, எங்க இருந்தாலும் கொஞ்சம் காது குடு.

கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வைக்கிறவன் கடிதம் போடுதானேன்னு சிரிக்காதே. நான் சொல்லச் சொல்ல மருமக செல்வி எழுதுதா. நம்ம தாராவி சால்ல, இந்த வரிசை வீட்டுல, நாலு பேர் படிச்சாலும் படிக்கட்டும். உன்கிட்ட சொல்லாம இதை வேற யார்கிட்ட போய்ச் சொல்ல?

அந்தக் கிட்டாரை நாம ஆசைப்பட்டா வாங்கினோம்? கவர் தைக்க ஆர்டர் குடுத்த சேட்டு, அளவு பாக்கன்னு கழுத்து விரிசல் விட்ட ஒண்ணை நம்ம தோல் பட்டறையில வச்சுட்டுப் போனான். கவரையெல்லாம் எடுத்துக்கிட்டவன், இது உடைசல், வேண்டாம்னுட்டான். நீ கோந்து வச்சு ஒட்டினே. தோல்ல வார் தைச்சு மாட்டி, மிச்சத் தோல்ல அதுக்கும் ஒரு கவர் தைச்சே. "சட்டை மட்டும் தைச்சுக் குடுத்தாப் போதுமா மச்சான்? உள்ள இருக்க ஆளு யாருன்னு தெரிய வேண்டாமா?"ன்னு கேட்டே. அப்பவே நமக்கு அறுபது தாண்டியாச்சு.

சொல்லித்தர யார் இருக்கா? என் போன்ல பாடம் நடத்துற வீடியோவுல ஒரு தாடிக்காரப் பையன் வந்தான். காசு கேக்கல. "தோஸ்தோ"ன்னு, அதான் கூட்டாளிகளேன்னு, ஆரம்பிச்சா கடகடன்னு போவான். பம்பாய் ஹிந்தி நமக்குப் புரியாததா? ஆனா உனக்குக் கண்ணுல புரை. திரையைப் பாத்தா விரல் தவறும், விரலைப் பாத்தா பாடம் ஓடிப்போகும். அதனால நான் பாக்க, நீ வாசிக்கன்னு ஆச்சு. நான் ஒரு தடவை பாத்தா மறக்கமாட்டேன்னு உனக்குத் தெரியும். எழுதி வச்சுக்க வழியில்லாதவனுக்கு மண்டைதானே பெட்டி.

அவன் சொன்ன இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பிடிபடல. விரல் நிக்கிற நிலையைப் பாத்து நாமளே பேர் வச்சோம். மூணு விரலும் சரிவா இறங்கினா படிக்கட்டு. அகட்டி நின்னா தேள். மூணும் நெருங்கி முக்கோணமா உக்காந்தா சமோசா. ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்க படுக்கப்போட்டு அமுக்கினா தாழ்ப்பாள். "படிக்கட்டு, கீழ, கீழ, மேல. தேள், கீழ, கீழ, மேல. சமோசா!"ன்னு நான் கத்த, நீ வாசிக்க. ஒருநாள் எதிர்வீட்டு மராட்டிக்கார அக்கா தட்டோட வந்து நின்னு, "சமோசா கஸா தில்லா?"ன்னு விலை கேட்டாளே, அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்பு!

உன் வீட்டுக்காரி, என் கூடப்பிறக்காத தங்கச்சி ஜெய்னம்பு, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து, "பாங்கு சொல்லப்போறாவ, கடையைக் கட்டுங்க அண்ணாச்சி"ம்பா.

பர்சுக்குத் துணி ஒட்டும்போது அவ வாய் திறக்காம ஒரு மெட்டு முனகுவா. பேர் தெரியாத மெட்டு. அதை ஒரு தடவையாவது முழுசா வாசிச்சு அவளைத் திரும்பிப் பாக்க வைக்கணும்னு உனக்கு ஆசை. பாதி வரைக்கும் நல்லாத்தான் போகும். தாழ்ப்பாள் வந்ததும் கம்பி டொக்குன்னு செத்துப்போகும். "திறக்க மாட்டேங்குது மச்சான்"னு என்னைப் பாப்பே. நானா பூட்டினேன்?

மழை தொடங்கின வாரம் நெஞ்சைப் பிடிச்சே. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல கிடந்தப்போ, பக்கத்துக் கம்பியில இடதுகை ஆள்காட்டி விரலை வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தே. வலி தாங்காமப் பிடிச்சியா, தாழ்ப்பாள் போட்டுப் பாத்தியா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நீ போனபிறகு ஜெய்னம்பு துக்கம் காத்து இத்தா இருந்த மாசமெல்லாம் வெளி ஆம்பளை முகம் பாக்கக் கூடாதுல்லா, நானும் வாசல்ல நின்னே விசாரிச்சுட்டு வந்தேன். இத்தா முடிஞ்சதும் உன் மகன் முலுண்டுல இருக்க தன் வீட்டுக்குக் கூப்பிட்டுட்டான். கிளம்புறதுக்கு முன்னால அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டை ஒரு தடவை வாசிங்க, கேட்டுட்டுப் போறேன். உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

"எந்தப் பாட்டும்மா?"

"என் பாட்டைத்தானே ரெண்டு பேரும் கொலை பண்ணிக்கிட்டு இருந்தீக?"

அவளுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு மாப்ளே.

மனப்பாடம்தான். எந்தப் பாடத்துல அந்தப் பையன் தண்ணி குடிச்சான், எதுல பூனை குறுக்க போச்சுன்னுகூடச் சொல்லுவேன். ஆனா கட்டிங் மெஷின் தின்னது போக என் இடது ஆள்காட்டியில மிச்சம் பாதிதானே? தாழ்ப்பாள் பாதிக் கம்பிகூட எட்டல. மத்த விரலும் மரக்கட்டை. ஒரு வாரமா மல்லுக்கட்டினேன். அந்தப் பையன் "பஹுத் ஆசான் ஹை தோஸ்தோ"ங்கான். ரொம்பச் சுலபமாம்! செல்வி கிட்டாரைப் பிடுங்கிட்டா. "விடுங்க மாமா, விரல்ல தோல் பிஞ்சு தொங்குது."

ஜெய்னம்பு போற அன்னைக்கு டெம்போவுல சாமான் ஏத்திக்கிட்டு இருக்கானுக. வெறும் ரூம்ல தரையில அவ, எதிர்ல நான், மடியில கிட்டார். கம்பியைத் தொட்டேன். தகரத்தைச் சுரண்டின மாதிரி இருந்துச்சு. கையை எடுத்துட்டேன். வேற என்ன செய்யன்னு தெரியாம, உனக்குச் சொல்ற மாதிரியே வாயால சொன்னேன். படிக்கட்டு, கீழ, கீழ, மேல. தேள். சமோசான்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. "தாழ்ப்பாள்"னு சொல்லிட்டு நான் நிறுத்தினேன். அந்த இடத்துல உனக்காக நிக்கிறது பழக்கம். அவளும் தலையைக் குனிஞ்சு காத்துக்கிட்டு இருந்தா. அந்த 'டொக்'காவது வராதான்னு இருந்துச்சு.

வெளிய டெம்போக்காரன் ஹாரன் அடிச்சான்.

"சுவருக்கு அந்தப்பக்கம் நான் கேட்டது இதேதான் அண்ணாச்சி"ன்னு முந்தானையை இழுத்துவிட்டுக்கிட்டு எந்திரிச்சா. "நீங்க வந்துட்டீக. அவுகதான் வரல."

நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?

கிட்டாரை என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. நீ தைச்ச கவருக்குள்ள இருக்கு. போனைத் திறந்தா அந்தப் பையனோட அடுத்த பாடம் தானா வந்து நிக்குது. செல்விகிட்ட குடுத்து என்னன்னு படிக்கச் சொன்னேன். குறுக்கு விரல்ல சத்தம் செத்துப்போனா எப்படிச் சரி பண்றதுன்னு பாடமாம். அதுக்கு முந்தின பாடத்தோட நீ போயிட்டே.

இன்னும் நான் அதைத் திறக்கல. ஆனா பாத்துருவேன். எனக்கு ஒரு தடவை போதும். ஒரு சொல் சிந்தாம மண்டையில வச்சுக்கிட்டு நேரா உன்கிட்ட கொண்டுவாறேன், இது சத்தியம். அதுவரைக்கும் அந்த விரலை மடக்கிடாதே.

பாடத்தைச் சுமந்துக்கிட்டு வரப்போற,
உன் மச்சான்
சுடலைமுத்து